நாற்பத்தொன்றின் மூச்சு

அஞ்சம்மாளுக்கு எண்ணத் தெரியும் என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் நடவுக்குப் போன காலத்தில் எத்தனை முடி நாற்று வந்தது, எத்தனை ஆள் கரையில் நின்றது என்பதையெல்லாம் விரலை மடக்காமல் சொல்லுவாள். அந்த நிலமெல்லாம் இப்போது குடோன்களாகிவிட்டன. கவரப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகிற ரோட்டில், குடோன்கள் முடிந்து சவுக்குத்தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கும் குதிரைப் பண்ணைக்கு அவள் வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. பாம்புக்கடிக்கு மருந்து எடுக்கிற கம்பெனியின் பண்ணை அது. குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றுவார்கள். அதன் உடம்பு விஷத்துக்குப் பழகியதும் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து மருந்து பிரிப்பார்கள். அஞ்சம்மாளுக்குச் சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, புல் போடுவது என்று மூன்று வேலை. சித்திரை பிறந்தபோது நான்காவதாக ஒன்று சேர்ந்தது.

கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஜோதிலட்சுமி, செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவள். முப்பது வயதுதான் இருக்கும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை, கண்ணைச் சுற்றிக் கருப்பு. பண்ணையில் மூச்சிழுப்பு வந்து ரத்தம் எடுக்க லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்த பன்னிரண்டு குதிரைகளை அவள் தன் ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"கடிகாரம் பார்த்து எண்ணத் தெரிஞ்சவங்க யாரும்மா இங்க?" என்று கேட்டபோது எல்லாரும் அஞ்சம்மாளைக் கை காட்டினார்கள்.

டாக்டர் ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டும் கொடுத்தாள். "காலைல ஆறரைக்கு, சாயந்திரம் அஞ்சு மணிக்கு. குதிரை சும்மா நிக்கும்போது அதோட அள்ளையப் பாருங்க. ஒருதரம் ஏறி எறங்கினா ஒரு மூச்சு. ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு நம்பர் நேரா எழுதணும். ஆறு வாரம். தினம் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க."

"மருந்து நீ குடுப்பியாம்மா?"

"உங்க பண்ணையில ஊசி போடற ஸ்டீவன் குடுப்பாரு. மூக்குல மாஸ்க் மாட்டி, மிஷின்ல புகை மாதிரி வரும். ஆறு குதிரைக்கு மருந்து, ஆறு குதிரைக்கு வெறும் உப்புத் தண்ணி. எதுக்கு எதுன்னு ஸ்டீவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. காலேஜ்ல ஒருத்தர் எழுதி மூடி வெச்சிருக்காரு."

"உனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா என் கண்ணே என்னை ஏமாத்தும். மருந்து போன குதிரையெல்லாம் தேறிட்ட மாதிரியே தெரியும்."

அது அஞ்சம்மாளுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் உப்புத் தண்ணீர் வாங்குகிற ஆறு எவை என்று அன்று சாயந்திரமே அவள் மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

பன்னிரண்டில் நாற்பத்தொன்றாம் எண் செவலைப் பெட்டை. தொடையில் சூடு போட்ட எண். ஒரு காலத்தில் ஏதோ ரைடிங் ஸ்கூலில் இருந்ததாம். ஏழு வருஷம் இங்கே ரத்தம் கொடுத்தது. ரத்தம் எடுக்கிற நாளில், குதிரையை நிறுத்திக் கட்டுகிற அடைப்புக்குள் வராமல் அடம் பிடிக்கும். அஞ்சம்மாள் போய் முகத்துக்கு நேரே நின்று, "இன்னாடி, இன்னாத்துக்கு இப்பிடி பேஜார் பண்ற" என்று கேட்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வரும். வேறு யார் கூப்பிட்டாலும் வராது. இப்போது புல்லைக் கடித்தாலே இருமல். நிற்கும்போதே மூக்கு விரிந்து விரிந்து மூடும். அள்ளையில், விலா முடிகிற இடத்தில், கயிறு வைத்து அழுத்தியதுபோல ஒரு கோடு விழுந்திருந்தது. மூச்சை வெளியே தள்ளித் தள்ளி விழுந்த கோடு.

அந்தக் கோடு மாதிரி ஒன்று அவள் வீட்டிலும் இருந்தது. புருஷன் துளசிராமன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரும்போது கழுத்தெலும்புக்குமேல் இரண்டு பக்கமும் குழி விழும்.

துளசிராமன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில்லில் பட்டி என்கிற உலையின் வாயில் நிற்கிறவன். பதினாறு வருஷ வேலை. சளி என்று சொல்லி மூன்று வாரமாக வீட்டில் இருந்தான். வெயில் ஏறிவிட்டால் ஷீட் கூரைக்குக் கீழே இருக்க முடியாது. வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டு, படுக்க முடியாமல், முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருப்பான். கருவாட்டுக் குழம்பு தாளித்தால் இருமுவான். பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினால் இருமுவான்.

"இன்னாய்யா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"இன்னா ஆஸ்பத்திரி? சளிதான். வெயிலுக்குப் போய்டும்."

"வெயிலுக்கு எவனுக்கு சளி போச்சி?"

"நீ கம்முனு இரு. குதிரைக்கு எண்ணி எண்ணி, வூட்ல இருக்கறவனையும் எண்ணிக்கினு இருக்காத."

அவள் எண்ணத்தான் செய்தாள். சொல்லவில்லை.

எண்ணத் தொடங்கிய மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலையில் நாற்பத்தொன்றுக்கு முப்பத்துநான்கு வந்தது. தவறாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். முப்பத்தைந்து. அதற்கு முந்தின நாள் இருபத்தாறுதான். நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள்.

போன பொங்கலுக்கு முந்தி மூன்று குதிரைகள் லாரியில் போயின. மூன்றும் இழுப்புக்காரக் குதிரைகள். எங்கே போகிறது என்று கேட்டதற்கு, "ரொம்ப மூச்சு வாங்கறத வெச்சிக்கினு இன்னா பண்றது, அனுப்பறாங்க" என்று மட்டும் மேனேஜர் பாக்கியராஜ் சொன்னார். ஏதோ தொண்டு நிறுவனத்துக் கொட்டகைக்கு என்று ஒருவர் சொன்னார், அதெல்லாம் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். லாரியின் பலகை மேல் ஏறமாட்டேன் என்று அதில் ஒன்று முன்னங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள்.

இருபத்துநான்கு என்று எழுதினாள்.

சாயந்திரம் முப்பத்தாறு. இருபத்தைந்து என்று எழுதினாள். மற்ற பதினொன்றுக்கும் உள்ளது உள்ளபடி. செவ்வாய்க்கிழமை டாக்டர் வருகிற நாள். ஆனால் அன்று கல்லூரியில் பரீட்சை வேலை என்று வரவில்லை. போட்டோ மட்டும் போயிற்று. 'தேங்க்ஸ் அஞ்சம்மா, 41 நல்லா இருக்கே' என்று பதில் வந்தது. மகள் கல்பனாதான் அதை வாசித்துச் சொன்னாள்.

"நல்லா கீதாம்மா அது?" என்று அவள் கேட்டாள்.

"கீது, கீது."

எழுதுகிற எண்ணுக்கும் எண்ணுகிற எண்ணுக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. விடிகாலையில் எல்லாருக்கும் முன்னால் போய் அதன் முன்னால் இருக்கிற புல்லை உதறி உதறிப் போட்டாள். வெல்லம் கரைத்துக் கொடுத்தாள். அது இரண்டு வாய் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குடிப்பதற்குக்கூட அதற்கு மூச்சு போதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் லாயத்து ஃபேன் நின்றது. கிழக்கே கடற்காற்றும் எழும்பவில்லை. அஞ்சம்மாள் தூக்குச் சட்டியைத் திறந்து கூழில் கை வைத்த நேரம், தடாலென்று பலகை இடிபடுகிற சத்தம். ஓடினாள். நாற்பத்தொன்று நான்கு காலையும் அகட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நின்றது. குதிரை வாயால் மூச்சு விடாது என்று அவளுக்குத் தெரியும். கண்ணின் வெள்ளை தெரிந்தது. வியர்வை வயிற்றிலிருந்து சொட்டியது.

செவ்வாய்க்கிழமைக்குப் பதிலாக டாக்டர் அன்று அப்போதுதான் பண்ணைக்கு வந்திருந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வெளியே கொண்டுவாங்க, மரத்துக்குக் கீழ. ஸ்டீவன், கழுத்தைப் பிடிங்க." அஞ்சம்மாள் முன்னால் போய் நின்று கூப்பிட்டதும் அந்த நிலையிலும் அது ஓரடி ஓரடியாக வைத்து வந்தது. புங்க மரத்தடியில் டாக்டர் கழுத்து நரம்பில் ஒரு ஊசி போட்டாள். இன்னொன்று போட்டாள். காதில் கருவியை மாட்டி விலாவில் வைத்துக் கேட்டாள். பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"அம்பத்திரண்டு" என்றாள். நோட்டை வாங்கிப் புரட்டினாள். "காலைல இருபத்தி நாலு. நேத்து இருபத்தஞ்சு. இதெப்படி?"

ஈரச்சாக்கை அதன் முதுகில் போட்டுக்கொண்டிருந்த அஞ்சம்மாளின் கை நின்றது.

"ஸ்டீவன், இன்னிக்கு மாஸ்க் எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"பத்தரைக்கு மேடம்."

"மூணரை மணி நேரம்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்துத் தள்ளிப் போனாள். காற்றில்லாத மத்தியானம், பேசியது முழுதும் கேட்டது. "சார், ஒரு குதிரைக்கு ரொம்ப மோசமாயிடுச்சு... இல்ல சார், காலைல நல்லாதான் இருந்திருக்கு. மாஸ்க் போட்ட பிறகுதான்... ஆமா சார், அதுக்குப் போனது மருந்தாத்தான் இருக்கணும், ஒத்துக்கலைன்னு தோணுது. மத்ததுக்கும் நிறுத்திடறேன் சார். தெரியும் சார், ரெண்டு வருஷம்... வேற வழி இல்லையே. இப்படி ஒரு மருந்தை வெச்சுக்கிட்டு எப்படி சார் மேல போறது?"

அஞ்சம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"போனை வெச்சிடும்மா."

"ஒரு நிமிஷம் இருங்க."

"வெச்சிடு. மருந்து இல்ல. நான்தான்."

டாக்டர் அவளைப் பார்த்தாள். "சார், நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றாள்.

"திங்கக்கிழமையே முப்பத்தி நாலு. நேத்து நாப்பது. இன்னிக்கிக் காத்தால நாப்பத்திரண்டு. எல்லாத்தையும் கொறச்சி எழுதிட்டேன். அதுக்கு மட்டுந்தான். மத்ததுல ஒண்ணுகூடத் தப்பு இல்லம்மா. என் பொண்ணு மேல சத்தியம்."

"எதுக்கு?"

"ஜாஸ்தி எழுதினா லாரில ஏத்திடுவாங்கன்னு."

டாக்டர் கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று அஞ்சம்மாள் காத்திருந்தாள். வந்தது. ஆனால் சத்தமில்லாமல் வந்தது.

"முப்பத்திரண்டைத் தாண்டினா அன்னிக்கே அந்தக் குதிரையை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடணும். வெளிய கட்டி, புல்லை நனைச்சுப் போட்டு, ஊசி போட்டு, முதல்ல அதைக் காப்பாத்தணும். சட்டமே அதுதான். அதுக்குத்தான் உங்ககிட்ட நம்பர் கேட்டேன். திங்கக்கிழமையே நீங்க முப்பத்தி நாலுன்னு எழுதியிருந்தா, செவ்வாக்கிழமை பரீட்சையாவது ஒண்ணாவது, நான் ஓடி வந்திருப்பேன். அஞ்சு நாள். அஞ்சு நாள் அது மூச்சுக்குத் தவிச்சிருக்கு அஞ்சம்மா."

அஞ்சம்மாள் குதிரையைத் திரும்பிப் பார்த்தாள். தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தது. வாய் மூடியிருந்தது.

"எனக்கு அது தெரியாதும்மா."

"நோட்டுல முதல் பக்கத்திலேயே ஒட்டியிருக்கே."

"அது இங்கிலீஷு."

டாக்டர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். நான்கு வரி, கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள்.

"நான் வாயால சொல்லலையா?"

"எண்ணு, எழுதுன்னு சொன்ன. போட்டோ அனுப்புன்னு சொன்ன. அவ்ளோதாம்மா."

மேனேஜர் பாக்கியராஜ் அதற்குள் அங்கே வந்துவிட்டார். விஷயம் கேட்டதும், "இவங்கள நாளைலேர்ந்து நிறுத்திடறேன் மேடம்" என்றார்.

"வேணாம் சார். இது ரெண்டு பேர் தப்பு." டாக்டர் எழுந்தாள். "ஆனா நோட்டு இனிமே அவங்ககிட்ட வேணாம். ஸ்டீவனே எண்ணட்டும்."

நாற்பத்தொன்றுக்குத் திங்கட்கிழமையிலிருந்து எழுதிய எண்களையெல்லாம் டாக்டர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் அஞ்சம்மாள் ஞாபகத்திலிருந்து சொன்ன எண்களை எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் அஞ்சம்மாள் கையெழுத்துப் போட்டாள். பதினொரு கையெழுத்து. மருந்தை நிறுத்தவில்லை. பதினொரு குதிரைகளோடு ஆராய்ச்சி நடக்கும், ஒன்று ஏன் குறைந்தது என்று கல்லூரிக்குப் பதில் எழுத வேண்டும் என்றாள் டாக்டர். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தபோது அஞ்சம்மாளின் மணிக்கட்டில் வெளுத்த வட்டம் இருந்தது. ஆறு மணிக்கு நாற்பத்தொன்று, மூச்சு முப்பதுக்கு இறங்கி, நனைத்துப் போட்ட புல்லில் ஒரு பிடியைத் தின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஷேர் ஆட்டோ ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்பனாவுக்கு ஷிஃப்ட் இல்லை. மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கல்பனா பழவேற்காட்டு நெத்திலியைத் தனியே வறுத்து எடுத்து, தகப்பனுக்கு மட்டும் காரமில்லாமல் ரசம் வைத்திருந்தாள். அஞ்சம்மாள் நடந்ததையெல்லாம் சொன்னாள். துளசிராமன் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பதினோரு வருஷமா ஒரு பேச்சு வாங்காதவ. இன்னாத்துக்கு உனக்கு இந்த வேலை?" என்றான்.

"அத வுடு. செவ்வாக்கெழம ஈஎஸ்ஐக்குப் போறல்ல? நானும் வரேன்."

"அது ஃபிட் சர்டிபிகேட் வாங்கறதுக்கு. புதன்கெழம டூட்டில சேரணும்."

"இந்த மூச்ச வெச்சிக்கினு பட்டில நிக்கப் போறியா?"

"நைனா, வருஷா வருஷம் கம்பெனில செக்கப் வெக்கிறாங்களே, அப்பல்லாம் இன்னா சொல்லுவ?" என்று கல்பனா கேட்டாள்.

அஞ்சம்மாள்தான் சொன்னாள். "இன்னா சொல்லுவாரு? மொத நாளே மெடிக்கல்ல இழுப்பு அடங்க ரெண்டு மாத்திரை வாங்கியாரச் சொல்லுவாரு. நான்தான் வாங்கியாந்தேன். மூணு வருஷமா நான்தான்."

"குழாய ஊதச் சொல்றான்," என்றான் துளசிராமன். "ஊத முடியலைன்னா அப்பால கேட்டுல நிறுத்திடுவான். எங்கூட நின்ன அன்புசெல்வன அப்பிடித்தான் நிறுத்தினான். உன் குதிரைய டாக்டர் எடுத்து மரத்தடில கட்டி ஊசி போட்டாங்க, சரி. எனக்கு எந்த மரத்தடி கீது? எனக்கு சீட்டுதான் கிழிப்பான்."

பேசியதில் அவனுக்கு மூச்சு முட்டியது. தட்டைத் தள்ளிவிட்டு முழங்காலில் கையை ஊன்றினான். இருமல் அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பெஞ்சு நிறைய ஆள். கையில் கட்டுப் போட்டவர்கள், கண்ணில் பொறி விழுந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேர் ஒரே சீட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குத் துளசிராமனைக் கூப்பிட்டார்கள். டாக்டர் தலை நரைத்தவர். காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த குரல்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல சார். சளி பிடிச்சிது, போய்டுச்சி. ஃபிட் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"எத்தனை நாளா இருந்துச்சு?"

"ஒரு பதினஞ்சு நாள் சார்."

டாக்டர் பேனாவை எடுத்தார். அஞ்சம்மாள் துளசிராமனின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவனுடைய சட்டை வியர்வையில் ஒட்டி, தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. அவன் பின்னால் கையை நீட்டி, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். பேசாதே என்று அர்த்தம்.

"மூணு வருஷம் சார்" என்றாள் அவள்.

பேனா நின்றது.

"படுத்துத் தூங்கி ஆறு மாசம் ஆவுது. உக்காந்துகினேதான் தூங்கறாரு. படி ஏற முடியல. செக்கப் வந்தா மொத நாளு மாத்திரை போட்டுக்கினு போவாரு. நான்தான் சார் வாங்கிக் குடுத்தேன். கம்பி உருக்கற பட்டில பதினாறு வருஷம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "சட்டையைக் கழட்டுங்க" என்றார். முதுகில் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். விரல் நகங்களைப் பார்த்தார். "இப்ப வேலைக்குப் போக முடியாதுங்க. லீவுக்கு எழுதறேன். சென்னை ஆஸ்பத்திரில எக்ஸ்ரே, மூச்சு டெஸ்ட் ரெண்டும் எடுக்கணும். வேலை செய்ற இடத்தால வந்ததான்னு அங்க பார்த்துச் சொல்லுவாங்க. அங்கேயாவது கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுங்க."

சீட்டும் மருந்தும் வாங்கி இரண்டரைக்கு வெளியே வந்ததும் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். டிக்கெட் எடுக்கிற இடத்தில்தான் வாயைத் திறந்தான்.

"என் வேலையத் துன்னுட்ட."

"ம்."

"கல்பனா கல்யாணத்துக்கு எவன் நிப்பான்?"

அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்து ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாள். அன்று காலையில் லீவு கேட்கப் போனபோது பாக்கியராஜ் அவளுடைய முகத்தைப் பார்க்காமல்தான் தலையாட்டினார். நாற்பத்தொன்றை மரத்தடியிலேயே கட்டியிருந்தார்கள். எத்தனை நாளைக்கு அங்கே வைத்திருப்பார்கள் என்று ஜோதிலட்சுமி டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். முதல் பத்துப் படியை அவன் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினான், கோபத்தில் ஏறியது. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கீழே அவர்கள் ஏற வேண்டிய சென்னை வண்டி கிளம்புவதற்கு ஹாரன் அடித்தது. காலேஜ் பிள்ளைகளும், டிபன் பை தொங்கவிட்ட முதல் ஷிஃப்ட்காரர்களும் அவர்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். அவன் இன்னும் இரண்டு படி ஏறப் பார்த்தான். முடியவில்லை.

"போவட்டும் வுடு" என்றாள் அஞ்சம்மாள்.

வண்டி போயிற்று. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து. படி ஓரமாக அவனை உட்கார வைத்து அவளும் உட்கார்ந்தாள். இரும்புப் படி சுட்டது. கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டால் அவனுக்கு விசிறினாள். சிப்காட் பக்கம் மில் புகை மேலே போகாமல் அப்படியே நின்றிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தான். மூச்சு ஒருவழியாக இறங்க வெகுநேரமானது.

"மூணு வருஷம் இல்ல" என்றான்.

"இன்னாது?"

"நாலு. புதுப் பட்டி போட்டானே, அந்த வருஷத்துலேர்ந்து. உனுக்குத்தான் தெரியாது."

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.

"மெட்ராஸ்ல கேட்டா நீயே சொல்லு" என்றாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சொல்றேன்" என்றான்.